கல்லில் ஒரு கோடு, தாளில் ஒரு கோடு



"கலைக்கூடமா? அது நமக்கு எதற்கு? அங்கே போய் நாம் என்ன பார்க்கப் போகிறோம்?" நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கோயிலுக்குப் போகிறோம், கடைத்தெருவுக்குப் போகிறோம், திருமண மண்டபத்துக்குப் போகிறோம். கலைக்கூடத்தின் வாசலில் மட்டும் நம் கால் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. ஒரு பிற்பகல் வேளையில் அது எப்படிக் குறைந்தது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு என் தாயார் கெடா மாநிலத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். அப்போதுதான் என் அண்ணன் என்னைத் தனியே அழைத்து ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். அவர் மகள் உயர்நிலை மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு ஓவியமும் சிற்பமும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். "நீ சொன்னால் கேட்பாள். கலை சோறு போடாது என்று எடுத்துச் சொல்" என்றார் அண்ணன். இரவு வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் அவர். அவருடைய அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணந்தான்.

சும்மா உபதேசம் செய்தால் பிள்ளைகள் கேட்பார்களா? ஆகவே, "சரி, நீ சொல்லும் கலையை எனக்குக் காட்டு பார்க்கலாம்" என்று அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வீட்டில் தனியே இருக்க வேண்டாமே என்று தாயாரையும் உடன் அழைத்துச் சென்றேன்.

சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி, பாடாங் திடலை நோக்கி நடந்தால் எதிரே தேசியக் கலைக்கூடம் தெரியும். அது இரண்டு பழைய கட்டடங்கள் இணைந்தது. ஒன்று 1929இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் ஜப்பானியப் படைகள் முறைப்படி சரணடைந்தது அங்கேதான். மற்றொன்று 1939இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம். இரண்டையும் இணைத்து 2015 நவம்பரில் கலைக்கூடமாகத் திறந்தார்கள். படியேறும்போதே தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது கோர்ட்டுக் கட்டடமாச்சே தாயி, நம்மளை உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தலைமுறையின் கதையே இருந்தது.

நாங்கள் பார்க்கச் சென்றது கிம் லிம் என்ற கலைஞரின் படைப்புகள். 'இடைப்பட்ட வெளி' என்ற பொருள்படும் பெயருடன், 2024 செப்டம்பரில் தொடங்கி 2025 பிப்ரவரித் தொடக்கம் வரை அந்தக் கண்காட்சி நடைபெற்றது. அவருடைய வாழ்நாள் உழைப்பை ஒரே இடத்தில் காட்டும் பெரிய கண்காட்சி அது. மரச் சிற்பங்கள், கற்சிற்பங்கள், தாளில் அச்சிட்ட படங்கள் எனப் பல கூடங்கள் நிறைந்திருந்தன.

யார் இந்தக் கிம் லிம்? 1936இல் சிங்கப்பூரில் பிறந்த சீனப் பெண்மணி. குழந்தைப் பருவத்தைப் பினாங்கிலும் மலாக்காவிலும் கழித்தவர். தந்தை நீதித்துறையில் நடுவராகப் பணியாற்றியவர். மகளோ சட்டப் புத்தகத்தை நாடவில்லை. 1954இல், தமது பதினெட்டாம் வயதில், கலை பயில லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் இரண்டாண்டுகள் மரம் செதுக்கப் பழகினார். பின்னர் ஸ்லேடு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்து அச்சுக்கலையைக் கற்று 1960இல் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் வில்லியம் டர்ன்புல் என்ற ஸ்காட்லாந்துச் சிற்பியை மணந்தார். 1997இல் மறையும்வரை லண்டனிலேயே வாழ்ந்தார்.

நேயர்களே, அச்சுக்கலை என்றதும் திருமண அழைப்பிதழும் செய்தித்தாளும் நினைவுக்கு வரலாம். கலைஞர்கள் செய்யும் அச்சு வேறு வகை. கலைஞரே அச்சுப் பாளத்தைத் தம் கையால் வெட்டி, மையிட்டு, ஒவ்வொரு தாளாக எடுப்பார். இதில் இரண்டு முறைகளை மட்டும் இன்று தெரிந்துகொள்வோம்.

முதலாவது, மேட்டில் மை நிற்கும் முறை. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் பூவைச் செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றி விளையாடாத குழந்தைகள் உண்டா? வெட்டிய இடம் பள்ளமாகிவிடும். வெட்டாமல் விட்ட மேடுதான் தாளில் பதியும். மரப்பலகையில் செதுக்கி எடுக்கும் அச்சும், லினோலியம் என்னும் மென்மையான தரைவிரிப்பில் வெட்டி எடுக்கும் அச்சும் இந்த வகையே.

இரண்டாவது, பள்ளத்தில் மை நிற்கும் முறை. செப்புத்தகட்டின்மேல் மெழுகு போன்ற பூச்சைப் பூசுவார்கள். கூரிய ஊசியால் அந்தப் பூச்சின்மேல் வரைவார்கள். கோடு விழுந்த இடத்தில் பூச்சு நீங்கிச் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், வெளியே தெரியும் செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு பூச்சை அகற்றி, தகடு முழுவதும் மை பூசித் துணியால் துடைத்தெடுப்பார்கள். மேலே உள்ள மை போய்விடும். கோட்டுக்குள் புகுந்த மை மட்டும் தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளை எந்திரத்தில் இறுக்கி ஓட்டினால், தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும்.

சாம்பல் நிற நிழல் வேண்டுமானால் என்ன செய்வார்கள்? சாம்பிராணித் தூளைப் போன்ற பிசின் தூளைத் தகட்டின்மேல் மெல்லத் தூவிச் சூடு காட்டுவார்கள். தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலம் அந்தத் துகள்களின் இடுக்குகளில் மட்டும் அரிப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஆயிரம் குழிகள் உண்டாகும். அமிலத்தில் சிறிது நேரம் இருந்தால் வெளிர் நிழல். நெடுநேரம் இருந்தால் கரிய நிழல். கிம் லிம் பல அச்சுப்படங்களை இந்த முறையில் உருவாக்கியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் என் அண்ணன் மகள்தான் எனக்கு விளக்கினாள். என் தாயார் ஒன்றும் பேசவில்லை. கால் வலிக்கிறது என்று அங்கிருந்த நீள இருக்கையில் அமர்ந்துவிட்டார். எதிர்ச்சுவரில் ஒரு படம். அதில் மலையில்லை, மரமில்லை, மனிதரில்லை. ஏணிப்படிகள்போல் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கோடுகள், அவற்றுக்கிடையே வெற்றிடம். அவ்வளவுதான். 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்போது தாயார் பேத்தியைக் கூப்பிட்டார். "கண்ணு, மை கோட்டுக்குள்ளேயா நிக்கும்னு சொன்னே?"

"ஆமாம் பாட்டி."

"அப்போ கோடு ஆழமா போனா?"

"நிறைய மை பிடிக்கும். கறுப்பாக விழும்."

"மேலாக்கப் போனா?"

"லேசாக விழும்."

தாயார் தலையசைத்தார். "இது நம்ம பால்வெட்டு மாதிரிதான்" என்றார்.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்னர் கற்சிற்பங்கள் இருந்த பகுதிக்கு வந்தோம். வெளிர்நிறக் கல் ஒன்று. அதன் முகத்தில் நீரோட்டம்போல் நீண்ட பள்ளக் கோடுகள். விளக்கின் ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழுந்தபோது, ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் படிந்திருந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் கல் அசைவதுபோல் தோன்றும். தாயார் அதன் முன்னால் நின்றார். தொடக்கூடாது என்று எழுதியிருந்ததைப் பேத்தி சொன்னாள். தாயார் தொடவில்லை. ஆனால் அவருடைய வலக்கை காற்றில் உயர்ந்து, அந்தக் கோட்டின் வழியே இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக மெல்ல இறங்கியது. அது மரம் சீவும் கை. முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் நிரை நிரையாக நடந்த கை.

அங்கே நின்றபடியே அவர் பேத்திக்குப் பாடம் நடத்தினார். ரப்பர் மரப் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றுச் சாய்வாகச் சுற்றிச் செல்கின்றன. அவற்றில் அதிகமானவற்றை வெட்டுவதற்காகவே கோட்டை இடப்புறம் உயர்த்தி வலப்புறம் தாழ்த்திச் சீவுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுக்க வேண்டும். பட்டைக்கு உள்ளே மரத்தின் உயிர்ப்படலம் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இப்பால் உளி நின்றுவிட வேண்டும். இந்த அளவுகளைப் புத்தகத்தில் நான் பிறகு படித்தேன். தாயார் சொன்னது இப்படித்தான்: "மேலாக்க வெட்டினா பால் வராது. ஆழமா போனா மரத்துக்குக் காயம். காயம்பட்ட எடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும். அப்புறம் அங்கே உளியே ஓடாது. கிராணி வந்து காயத்தை எண்ணுவாரு. எல்லாம் கைக்குத்தான் தெரியணும். இருட்டுல கண்ணு எங்கே தெரியும்?"

பிறகு அந்தக் கல்லைக் காட்டி, "இவளுக்கும் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கேயும் காயம் இல்லை" என்றார்.

"பாட்டி, கல்லை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, பிறகு தேய்த்துத் தேய்த்துத்தான் இப்படி வரும்" என்றாள் பேத்தி.

"அப்போ எங்களைவிடப் பொறுமை வேணும்" என்றார் தாயார்.

நேயர்களே, நான் அதுவரை கோடுகளைப் பார்த்தேனே தவிர, கோட்டுக்குப் பின்னால் இருந்த கையைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்காத என் தாயார் அதைப் பார்த்துவிட்டார். சிற்பியின் கருவிக்கும் உளி என்றே பெயர். தோட்டத்தில் மரம் சீவும் கத்திக்கும் நம் மக்கள் உளி என்றே பெயரிட்டார்கள். அந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

இப்போது இந்தக் கலைஞர் இயற்கையை எப்படி நோக்கினார் என்பதைச் சிறிது பார்ப்போம். ஓர் இலையைக் கண்டால் அதன் நரம்பு, நுனி, நிறம் எல்லாவற்றையும் அப்படியே வரைவது ஒரு வழி. கிம் லிம் வேறு வழியில் சென்றார். அலை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் திரும்ப வருதலை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆறு பாறையைத் தேய்க்கிறது. அந்தத் தேய்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒளியும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் சூட்டிய பெயர்களைப் பாருங்கள். 1968இல் செய்த சிற்பத்துக்குத் 'திரெங்கானு' என்று பெயர். 1979இல் மரத்தால் செய்த ஒன்றுக்குப் பர்மாவின் ஆறாகிய 'ஐராவதி'யின் பெயர். 1984இல் பளிங்கில் செய்ததன் பெயர் 'நாகா'. லண்டனில் வாழ்ந்தாலும் அவருடைய கண் கீழைநாட்டு ஆறுகளையும் கடற்கரைகளையும் மறக்கவில்லை. கம்போடியா, இந்தியா, ஜப்பான், எகிப்து, கிரேக்கம் ஆகிய நாடுகளுக்குச் சென்று, பழைய கோயில்களையும் கற்சிலைகளையும் நேரில் பார்த்துப் பழகியவர் அவர்.

அவர் செதுக்கிய கற்களில் ஒன்று போர்ட்லாந்துக் கல். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் இது. ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்து உருவானது. கிளிஞ்சல் துண்டுகளை இன்றும் அதில் காணலாம். கடலில் பிறந்த கல்லில் நீரின் ஓட்டத்தைச் செதுக்குவது எவ்வளவு பொருத்தம்!

இந்த அம்மையாரின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அச்சுப்படம் சிறியது, சிற்பம் பெரியது என்ற வேற்றுமையை அவர் பாராட்டவில்லை. இரண்டையும் சமமாகவே கருதி, இரண்டிலும் மாறி மாறி உழைத்தார். 1977இல் லண்டனின் ஹேவர்டு கலைக்கூடம் நடத்திய ஆண்டுக் கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. மறு ஆண்டு அதே கண்காட்சிக்குக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்த ஐந்து பெண்களுள் அவரும் ஒருவர். 1979இல் ரவுண்ட்ஹவுஸ் என்ற இடத்தில் அவருடைய அதுநாள்வரையிலான படைப்புகளைத் திரட்டிக் காட்டினார்கள். எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்த அவர் என்ன செய்தார் தெரியுமா? தாம் வந்த வழியை மீண்டும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று வயதில், மரத்தையும் உலோகத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்லைச் செதுக்கும் பாதைக்குத் திரும்பினார். இன்று மக்கள் நின்று பார்க்கும் கற்சிற்பங்கள் அந்தத் திருப்பத்துக்குப் பின் பிறந்தவை.

இனி, ஒரு கண்காட்சிக்குப் போகும்போது நமக்கு உதவும் சில குறிப்புகளைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். பத்துப் படைப்புகளை நின்று பார்த்தாலே போதும். சிற்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்காமல் சுற்றி வாருங்கள். கோயிலில் வலம் வருகிற நமக்கு இது புதிதா? நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். நிழலும் சிற்பத்தின் ஒரு பகுதியே. செப்புத்தகட்டு அச்சுப்படமானால், படத்தைச் சுற்றித் தாள் சற்று அமுங்கி ஒரு சட்டம்போல் தெரியும். அது தகட்டின் விளிம்பு பதிந்த தடம். அடியில் பென்சிலால் 3/20 என்பதுபோல் எழுதியிருந்தால், எடுத்த இருபது படிகளுள் அது மூன்றாவது என்று பொருள். கையால் தொடாதீர்கள். நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையும் நுண்துளைகள் உள்ள கல்லில் ஊறிக் கறையாகிவிடும். முக்கியமாக, "இது என்ன?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்றும் கேளுங்கள். தச்சரும் தையற்காரரும் பொற்கொல்லரும் சமையல் செய்பவரும் அந்தக் கேள்விக்கு விடை காணத் தகுதி பெற்றவர்களே. தேசியக் கலைக்கூடத்தின் நிலையான கூடங்களைப் பார்க்கச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.

வீடு திரும்பிய அன்றிரவு அண்ணன் கேட்டார்: "என்ன, சொன்னாயா?" நான் பதில் சொல்லத் தடுமாறினேன். தாயார்தான் பேசினார்.

"ஏம்பா, நான் மரம் வெட்டி உன்னைப் படிக்க வச்சேன். உன் மக உளி பிடிக்கணும்கிறா. பிடிக்கட்டும். ஆனா காயம் இல்லாம பிடிக்கக் கத்துக்கிட்டுப் பிடிக்கட்டும். அரைகுறையா வெட்டுறவளுக்குத்தான் சோறு கிடைக்காது."

அண்ணன் மறுமொழி சொல்லவில்லை. "மரம் வெட்டுறது வேறம்மா" என்று மட்டும் முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. மாதச் சம்பளம் உறுதியாக வரும் வேலைக்கும், வருமா வராதா என்று தெரியாத வேலைக்கும் உள்ள வேற்றுமையை எந்தத் தந்தையும் மறக்க முடியாது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

சிங்கப்பூரில் 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும், 1984இல் தொடங்கிய லாசால் கலைக்கல்லூரியும் இருக்கின்றன. இவ்விரண்டும் கைகோத்து, 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் உருவாகியிருக்கிறது. கலை பயின்றவர்கள் ஆசிரியராகலாம். கட்டட வடிவமைப்பு, அச்சு, விளம்பரம், அரும்பொருளகப் பணி எனப் பல துறைகளில் வேலை தேடலாம். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்றுவரை அவர் "சம்மதம்" என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் படிப்புக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து வைத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இப்போது ஒரு சிறு படம் தொங்குகிறது. லினோலியத்தில் வெட்டி எடுத்த அச்சு. ஒரே காம்பில் மூன்று இலைகள். ரப்பர் மரத்தின் இலைகள். அடியில் பென்சிலால் 1/5 என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது படி கெடாவில் என் தாயாரிடம் இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டதும் அவர் தொலைபேசியில் சொன்னாராம்: "நடு இலையில ஒரு எடத்துல ஆழமா போயிட்டே. அடுத்த தடவை கையை லேசா விடு."

நேயர்களே, இதைவிடச் சிறந்த பாராட்டும் பாடமும் ஒரு மாணவிக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் வீட்டிலும் கைவேலை அறிந்த ஒரு முதியவர் இருப்பார். அடுத்த விடுமுறையில் அவரை ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சற்று நேரம் அவர் பேசாமல் இருப்பார். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பேசத் தொடங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.